அத்தான் ரிமோட்டை வாங்கினார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. இதைவிட அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அக்கா வீட்டில் விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அலமாரிக்கு மேலே கிடந்த உடைந்த இறக்கையைப் பார்த்து, அது என்ன என்று ஒருவர் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் பதில் சொன்னார்.

"இவ ஒரு ஏரோப்ளேன் செஞ்சா. ரிமோட்ல பறக்கறது. முதல் நாளே விழுந்துடுச்சு. நான் ஓட்டினதுல தப்பில்ல, இவ ஒட்டினதுலதான் தப்பு."

மேஜையே சிரித்தது. ஓட்டினது, ஒட்டினது. நல்ல சிலேடை. எழுதிப் பிழைக்கிற எனக்கு அது தோன்றவில்லையே என்பது தனி வயிற்றெரிச்சல். அக்கா தண்ணீர் ஜக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினாள். விமானம் விழுந்த அன்று நானும் அந்த மைதானத்தில் இருந்தேன். அதைக் கையில் பிடித்து வானத்தில் எறிந்தவனே நான்தான். அது எதனால் விழுந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது:

அன்று வானம் துடைத்துவைத்ததுபோல்

வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கிற கதையை நானே படிப்பதில்லை. இரண்டாவது:

ஒரு பெண் கனவு காண்பதை இந்தச் சமூகம்

இதுவும் வேண்டாம். இது மேடைப் பேச்சு. அக்கா பார்த்தால் காதைத் திருகுவாள். மூன்றாவதாக வந்த வாக்கியம்தான் மேலே தலைப்பாக இருக்கிறது. அதை எழுதியதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறது, இதில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

(நினைத்தேன். அதைப் பிறகு பார்ப்போம்.)

2

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் மூச்சை நிறுத்தி ஓடவிடுவது அவள் வேலை. எதிரே நிற்பவரின் இடது கை நமக்கு வலப்பக்கம் இருக்கும். படத்தில் பக்கம் மாறிப்போனால் நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் இடதா வலதா என்று காட்ட, ஈயத்தில் செய்த ஒரு சின்ன எழுத்தை ஓரத்தில் வைப்பாள். வீட்டில்கூட "உன் இடதா, என் இடதா" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

ஏன் விமானம் என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முயன்றேன். சின்ன வயதில் நாங்கள் காகித விமானம் விட்டதாக ஒரு பத்தி எழுதினேன். பொய். நாங்கள் விட்டதே இல்லை. அவளையே கேட்டேன். "செய்யணும்னு தோணுச்சு" என்றாள். ஓர் ஆண் செய்திருந்தால் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன். அந்தப் பத்தியை அழித்ததில் எனக்கு வருத்தமில்லை.

இஸ்திரி மேஜைதான் தொழிற்சாலை. வெள்ளை ஃபோம் அட்டை, கட்டர், சூட்டுப் பசைத் துப்பாக்கி. அட்டையைப் பாதி ஆழத்துக்குக் கீறி மடக்கினால் இறக்கைக்கு வளைவு வரும். கொஞ்சம் அழுத்தினால் அட்டை இரண்டாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. வாலுக்கும் இறக்கைக்கும் சுண்டுவிரல் அளவில் சின்ன மோட்டார்கள், அவற்றிலிருந்து அசையும் பாகங்களுக்குக் கம்பி. துணி தேய்க்க வேண்டிய நாளில் விமானத்தைத் தூக்கிக் கட்டிலில் வைப்பாள். அத்தானின் சட்டைகளைத் தேய்த்து முடித்த பிறகு விமானம் மறுபடி மேஜைக்கு வரும்.

(இந்தச் சட்டைகளைக் கதையில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான்.)

கடைசியில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். வால் தாழ்ந்தது.

"வால் கனமா இருந்தா ஒரே ஒரு தடவதான் பறக்கும்" என்றாள். ஆஸ்பத்திரியில் தேய்ந்துபோய்க் கழித்துவிட்ட ஈய எழுத்து ஒன்று அவள் கைப்பையில் கிடந்தது. இடது என்று காட்டுகிற எழுத்து. அதை மூக்குக்குள் வைத்து ஒட்டினாள். மறுபடி தூக்கியபோது மூக்கு லேசாகக் குனிந்தது. அன்றிலிருந்து அதற்கு மூக்கன் என்று பெயர்.

3

இப்போது வில்லன். இங்கேதான் எனக்குச் சந்தேகம். அத்தான் வில்லனாக ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாற்காலியிலேயே தூங்கினார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்கிறது. மீசையை முறுக்கிவிட்டு, கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துப் பார்த்தேன். காகிதத்தில் நிற்காமல் நழுவிப் போய்விட்டார். சரி, உள்ளபடியே வரட்டும்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தான் காலடியில் இன்னொரு பிரேக். நானும் அவரிடம்தான் கற்றேன். நான் ஓட்டுகிறேன் என்று பூரித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி தானாக நிற்கும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பார்த்தால் அவர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு கை மட்டும் ஸ்டீயரிங்கில் இருக்கும். "நான் பாத்துக்கறேன்" என்பார்.

வீட்டிலும் அவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. அக்கா அடுப்பில் எதையாவது கிளறினால் சற்று நேரத்தில் கரண்டி அவர் கையில் இருக்கும். அக்கா ஃபோனில் கொஞ்சம் தடுமாறினால் "குடும்மா, நான் பேசறேன்." எல்லாம் அன்பாகத்தான். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். உதவி செய்கிறவரை என்ன செய்வது?

* அத்தான் இந்தக் கதையைப் படிப்பாரா என்று நண்பர் ஒருவர் கேட்டார். படிப்பார். படித்துவிட்டு, "நல்லாருக்கு மாப்ள, முடிவ மட்டும் நான் சொல்றேன்" என்பார்.

4

அந்த நாள். ஒரு விடுமுறைக் காலை. பள்ளிக்கூட மைதானம், இரண்டு பக்கமும் இரும்புக் கோல்போஸ்ட். அக்கா, அத்தான், நான். போகும்போது காரிலேயே அக்கா என்னிடம் விளக்கினாள். விமானம் நம்மை விட்டுப் போகும்வரை தொல்லை இல்லை. நம்மைப் பார்த்து வரும்போதுதான் அதன் இடது நமக்கு வலதாகிவிடும்.

"அப்ப யோசிச்சிட்டு நிக்க நேரம் இருக்காது. எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கமே ரிமோட் குச்சியத் தள்ளணும். தாழற இறக்கைக்கு முட்டுக்குடுக்கற மாதிரி."

அத்தான் "ம், ம்" என்றார். பின்னால் வந்த லாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் எறிந்தேன். மூக்கன் தாழ்ந்து, புல்லை உரசிவிடும் போலப் போய், எழுந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஊரையெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மைதானத்தின் அந்த ஓரத்தில் மூக்கனைத் திருப்பினாள். அது எங்களைப் பார்த்து வரத் தொடங்கியது. காற்றில் இறக்கை ஒரு தடவை ஆடியது.

"குடு குடு, நான் பாத்துக்கறேன்."

அத்தான் ரிமோட்டை வாங்கினார்.

எங்கள் இடப்பக்கத்து இறக்கை தாழ்ந்தது. கார் இடப்பக்கம் இழுத்தால் என்ன செய்வீர்கள்? வலப்பக்கம் திருப்புவீர்கள். அத்தான் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். அது இன்னும் சாய்ந்தது. அவர் இன்னும் தள்ளினார்.

"இடது, இடது, முட்டுக்குடுங்க" என்றாள் அக்கா.

"எந்த இடது?" என்றார் அத்தான்.

கோல்போஸ்டில் மோதிய சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிஸ்கட் உடைகிற அளவுதான். அத்தான் ரிமோட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்து, "காத்து" என்றார். அக்கா நடந்துபோய் உடைந்த மூக்கைப் பிளந்து, அந்த ஈய எழுத்தை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இறக்கையை நான்தான் பொறுக்கி வந்தேன்.

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கனமான ஈய அங்கியைக் கழற்றாமல், நின்றபடியே படித்தாள். சிலேடை வந்த இடத்தில் முகம் மாறவில்லை. நாலாவது பகுதியில் விரலை வைத்தாள்.

"இது தப்பு."

"எது?"

"வாங்கினாருன்னு போட்டிருக்க. ஒருத்தர் வாங்கணும்னா இன்னொருத்தர் குடுக்கணும்ல? நான் எப்ப குடுத்தேன்?"

நியாயம்தான். எனக்கு உற்சாகமாகிவிட்டது. இதோ, கோபத்துக்குத் துணை கிடைத்துவிட்டது.

"சரிக்கா. பிடுங்கினாருன்னு மாத்திடறேன்."

"பிடுங்கவும் இல்லடா. பிடுங்கியிருந்தா விட்டிருப்பேனா? கடிச்சு வெச்சிருப்பேன்."

"பின்ன என்னதான் நடந்துச்சு?"

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற பார்வை.

"அவர் கை வந்துச்சு. என் கை தானாத் திறந்துடுச்சு. நான் திறக்கல. அதுவாத் திறந்துடுச்சு. இத்தன வருஷப் பழக்கம். இதுக்கு உங்கிட்ட ஒரு வார்த்தை இருந்தா போடு. இல்லன்னா தலைப்ப எடுத்துடு."

"எனக்கு அவர் மேல கோவம் கோவமா வருதுக்கா."

"உனக்கு அவர் மேல. எனக்கு இந்தக் கை மேல." காகிதங்களை என்னிடம் தந்துவிட்டு, பெஞ்சில் இருந்த ஒருவரைப் பார்த்து, "உள்ள வாங்க, எந்தப் பக்கம் வலி?" என்றாள்.

வீட்டுக்கு வந்து தேடினேன். எடுத்தார். பெற்றார். பறித்தார். ரிமோட் கைமாறியது. இந்தக் கடைசி வாக்கியத்தில் ஆளே இல்லை. விபத்துக்குப் பொறுப்பேற்க விரும்பாத அதிகாரி எழுதும் வாக்கியம் அது. இவ்வளவு சொல் வைத்திருக்கிற மொழியில், தன் கை தன்னைக் கேட்காமல் திறந்துகொள்வதற்கு ஒரு வினைச்சொல் கிடையாதா? அன்று நான் பேனாவை எறிந்தேன். சுவரில் பட்டு உடைந்தது.

6

முடிவுகள் சில எழுதினேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

ஒன்று: அக்கா ரிமோட்டை விடவில்லை. மூக்கன் அழகாக ஒரு வட்டம் போட்டுப் புல்லில் இறங்குகிறது. அத்தான் கைதட்டுகிறார். (இதைப் படித்துவிட்டு அக்கா, "யாருக்காக இந்தப் பொய்?" என்றாள்.)

இன்னொன்று: விருந்து மேஜை. அக்கா தண்ணீர் ஜக்கைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி

அந்த வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. எனக்குத் தெரிந்த அக்கா அதில் வரவில்லை.

மற்றொன்றில் நானே எழுந்து நின்று அத்தானை நார்நாராகக் கிழிக்கிறேன். மூன்று பக்கம் ஓடியது. எழுதும்போது சுகமாக இருந்தது. அக்கா முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள்.

"நல்லாத்தான் பேசியிருக்க. எனக்குப் பதிலா."

7

போன வாரம் அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான்தான் கதவைத் திறந்தார். கசங்கிய சட்டை போட்டிருந்தார்.

"அவ அந்த ஏரோப்ளேன் எல்லாம் விட்டுட்டா மாப்ள. ஆச தீந்துபோச்சு" என்றார்.

அறைக்குள் போனேன். இஸ்திரி மேஜை சுவரோரம் விரித்துக் கிடந்தது. நாற்காலியில் தேய்க்காத சட்டைகள் குவிந்திருந்தன. அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து நீளமான ஒரு பெட்டியை இழுத்தாள். உள்ளே இன்னொரு மூக்கன். புதிய அட்டை, புதிய இறக்கை. மூக்கின் ஓரத்தில் அந்த ஈய எழுத்து தெரிந்தது. வயிற்றுப் பக்கம் பச்சையாகப் புல் கறை. ஓர் இறக்கை நுனியில் டேப் ஒட்டியிருந்தது.

அவள் அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பறந்துச்சா?" என்றேன்.

அவள் இறக்கை நுனியில் இருந்த டேப்பை விரலால் அழுத்திவிட்டாள்.

"யாருக்கா கூட இருந்தாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப தூக்கி எறிஞ்சது?"

"எனக்கு ரெண்டு கை இருக்கு."

"சொல்லுக்கா. கதை முடிவில்லாம நிக்குது. எழுந்துச்சா, திரும்புச்சா, அத மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அது மூக்கனை நோக்கி நீண்டிருந்தது, விரல்கள்கூட விரிந்திருந்தன. நான் நீட்டவில்லை. அதுவாக நீண்டிருந்தது.

அவள் விரல்கள் விமானத்தின் முதுகைச் சுற்றி அப்படியே இருந்தன. திறக்கவில்லை.

கடைசியில் என் கையை மடக்கி எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. அவள் மேல், அத்தான் மேல், தானாக நீண்ட என் கை மேல். அக்கா மூக்கனைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

தலைப்பை மாற்றவில்லை. அதற்கான சொல் இன்னும் கிடைக்கவில்லை. அது தப்பு என்று தெரிந்தே மேலே நிற்கட்டும். இரண்டாவது மூக்கன் பறந்ததா, விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவள் சொல்லமாட்டாள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும் போலத்தான் இருக்கும். பறந்திருக்கும் என்று நீங்களே முடித்துக்கொள்ளக்கூடப் பார்ப்பீர்கள். வேண்டாம். உங்கள் கையைப் பாருங்கள், அதுவும் நீண்டிருக்கிறது. மடக்கிக்கொள்ளுங்கள்.