பன்னிரண்டாயிரம் அடியில் ஒரு பொங்கல்

டோர்ட்மண்ட் நகரம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. அதே நகரத்தின் வடக்குப் பக்கத்தில், துருக்கிக்காரரின் காய்கறிக் கடைக்கு மேலே, இராசலிங்கமும் புஸ்பவதியும் குடியிருந்த மூன்றாம் மாடி வீடு மட்டும் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருந்தது. கட்டடத்தின் மேல் பிழையில்லை. இரண்டாம் மாடிப் போலந்துக்காரியும் நான்காம் மாடி மாணவர்களும் ஊரோடு ஒத்து முந்நூறு அடியிலேயேதான் இருந்தார்கள். உயரம் அந்த வீட்டு மகள் நிலக்சியுடையது. அவள் எங்கே போனாலும் ஒரு வீட்டளவு மலைக்காற்று அவளைச் சுற்றிக் கூடப் போகும். அவள் பேரங்காடிக்குள் நுழைந்தால் சிப்ஸ் பைகள் தலையணை மாதிரி ஊதும். அவள் இருக்கும்போது சட்டியில் தண்ணீர் சட்டென்று கொதிக்கும், ஆனால் அரிசி மட்டும் கல்லாகவே கிடக்கும். பள்ளியில் பௌதிகம் படிப்பித்தவர் ஒரு நாள் காற்றழுத்தமானியைத் தட்டித் தட்டிப் பார்த்தார், வேறொன்றைக் கொண்டுவந்தும் பார்த்தார், கடைசியில் பிள்ளையை ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு மற்றப் பாடத்தைத் தொடங்கினார். ஜேர்மன்காரர் அப்படித்தான், அளந்து பார்த்து உண்மை என்று தெரிந்துவிட்டால் பிறகு அதைப்பற்றி அலட்டிக்கொள்ள மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அயலிலுள்ள ஓட்டக் கழகத்து இளைஞர்கள் வந்து புஸ்பவதியின் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, தேநீர் குடித்து, மலைக்காற்றுக்கு நெஞ்சைப் பழக்கிக்கொண்டு போவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1990ஆம் ஆண்டுக் கடைசியில், பிராக் நகரிலிருந்து முகவர் ஒருவர் அவர்களை எல்லைக் காட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, அந்த மலைக்கு அங்காலே ஜேர்மனி என்று கையைக் காட்டிவிட்டு மறைந்துவிட்டார். முழங்காலளவு பனி. நிலக்சிக்கு ஐந்து வயது, காய்ச்சல் வேறு. தூக்கிக்கொண்டு நடந்த புஸ்பவதிக்குக் கை இரண்டும் விறைத்துப்போய், இனி ஓரடியும் ஏலாது என்ற நிலை வந்தபோது, அவர் நின்ற நிலையிலேயே ஒரு நேர்த்தி வைத்தார். “நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்காலை சேர். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உன்ர வாசலுக்கு வந்து பொங்கிப் படைப்பன்.” அந்த நிமிடமே பிள்ளை பஞ்சாய்ப் பாரம் குறைந்தது. விடிவதற்குள் பவேரியாவில் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பாருங்கள், நேர்த்தி வைக்கிற எவரும் நல்லூர்க் கந்தனே, நயினை நாகபூசணியே என்று பேர் சொல்லித்தான் வைப்பார்கள். புஸ்பவதி அவசரத்தில் விலாசமில்லாமல் வைத்துவிட்டார். பேர் தெரியாத சாமிக்கு எந்த வாசலில் போய்ப் பொங்குவது? பக்கத்து ஹம் நகரத்துக் காமாட்சி அம்மனிடம் போய்க் கேட்டார். ஓகஸ்ட் மாதத்தில் தமிழர் கூட்டமாகப் போகும் கெவெலார் மாதாவிடமும் கேட்டார். இருவரும் மலையில் இருப்பவர்கள் அல்ல. இன்றைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று வருடங்கள் ஓடின. நிலக்சியின் உயரமும் சத்தம் போடாமல் ஏறிக்கொண்டே வந்தது.

ஏறியது ஏறியபடி இருந்திருக்கும், உதய் வராதிருந்தால். அவன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, டார்ம்ஸ்டாட்டில் பொறியாளர். ஒரு சிநேகிதியின் பிறந்தநாள் விருந்தில் நிலக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது, மூச்சு வாங்கியது. காதல் என்று நினைத்துக்கொண்டான். பாதி சரிதான். மற்றப் பாதி 2008 தை மாதம், சம்பந்தம் பேச வந்த அன்று தெரிந்தது. மூன்றாம் மாடியில் ஒரு மணித்தியாலம் இருந்து, வடையைப் புகழ்ந்து, இலங்கைத் தமிழ் ரொம்ப இனிமை என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் நீலம் பாரித்துச் சோபாவில் சரிந்துவிட்டான். ஓட்டக் கழகத்துப் பையன்கள்தான் அவனைத் தூக்கிப் படியிறக்கி, காய்கறிக் கடை வாசலில் கிடத்திக் காற்று வாங்க வைத்தார்கள். கண் திறந்த உதய் கேட்ட முதல் கேள்வி, கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்பது. புஸ்பவதிக்கு அந்த நிமிடமே அவனைப் பிடித்துப்போயிற்று. அதே நிமிடம் யோசிக்கவும் தொடங்கினார். இவ்வளவு நல்ல பொடியன் மணவறையில் அரை நாள் எப்படி இருப்பான்? பிறகு ஒரு ஆயுள் முழுக்க எப்படி இருப்பான்?

“நேர்த்தி செய்யாமல் விட்ட குற்றம்தான். சாமி பிள்ளையை மலையிலையே பிடிச்சு வைச்சிருக்குது,” என்றார் புஸ்பவதி.

“எந்தச் சாமியெண்டு உனக்கே தெரியாது, பிறகெங்கை போறது?” என்றார் இராசலிங்கம்.

“மலையிலை இருக்கிற எல்லாரிட்டையும் போறது.”

இப்படித்தான் அந்த யாத்திரை முடிவாயிற்று. கல்யாணத்துக்கு ஓகஸ்டில் நாள் குறித்துவிட்டு, மலைச் சாமிகள் கூடியிருக்கும் இமயத்துக்கென்று ஜூனில் நான்கு பேரும் டெல்லியில் போய் இறங்கினார்கள். கல்யாணத்துக்கு முதல் மாப்பிள்ளை கூட வருவது வழக்கமில்லை என்று இராசலிங்கம் முணுமுணுத்தார். ஆனால் உதய் பூனாவில் வேலை பார்த்தவன், ஹிந்தி பேசுவான், மற்ற மூவருக்கும் அதில் ஒரு சொல்லும் வராது. வாடகைக் காரின் சீக்கிய ஓட்டுநர் சமவெளியிலேயே வண்டி இப்படி இழுத்துக்கொண்டு இரைவதைக் கண்டு இரண்டு தரம் இறங்கி இயந்திரத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், ஓ, அப்படியா என்று தலையாட்டிவிட்டு, மலைக்குப் போவதற்காக வைத்திருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து மோந்துகொண்டு ஓட்டினார். பின் இருக்கையில் உதய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி வந்தான். தேவைப்பட்டபோது காரை நிறுத்தச் சொல்லி, அம்பது அடி தள்ளிப் போய் நின்று, நாலு மூச்சு இழுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து நிலக்சிக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்வான்.

முதலில் ரேவால்சர். மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஏரி, அதன் கரையிலேயே சிவன் கோயில், குருத்வாரா, புத்த மடம் மூன்றும். இது நல்ல வசதி, ஒரே நாளில் மூன்று இடத்தில் விசாரிக்கலாம் என்று புஸ்பவதி சந்தோஷப்பட்டார். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, நிலக்சியைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வாசலிலும் பொங்கினார். பால் கண் மூடித் திறப்பதற்குள் பொங்கி வழிந்தது, அரிசி மட்டும் பல்லுக்குப் பல் எதிர்த்தது. வேகாததைப் படைக்கலாமா? பிரஷர் குக்கரில் வைக்கலாமே என்று உதய் மெல்லச் சொல்லிப் பார்த்தான். விசில் அடிப்பதற்குப் பேர் பொங்கலா என்று அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். பானையோடு போய் விசாரணையைத் தொடங்கினார். இத்தனையாம் ஆண்டு, ஐரோப்பாவில் ஒரு காட்டுக்குள், ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டது உங்கள் ஆளா? உதய் வெட்கத்தோடு மொழிபெயர்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சிவன் கோயில் பூசாரி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, குளிர்காலத்தில் எங்கள் சாமி வெளியூர் போவதில்லையே என்று வருத்தப்பட்டார். குருத்வாராப் பெரியவர், எங்கள் குருவின் வாசலில் வந்தவர்கள்தான் சாப்பிட வேண்டும், நாங்கள் வாங்குவதில்லை என்று சொல்லி நாலு பேருக்கும் ரொட்டியும் பருப்பும் போட்டார். மடத்துத் துறவி மட்டும், உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, இவ்வளவு உயரமான பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று வியந்தார். அரைவேக்காட்டுப் பொங்கல் முழுவதையும் ஏரி மீன்கள் தின்று தீர்த்தன.

பிறகு குலுப் பள்ளத்தாக்கு, அதற்குள் பார்வதிப் பள்ளத்தாக்கு, அதற்குள் மணிகரன். அங்கே தரையிலிருந்து கொதிநீர் ஊற்றாகக் கிளம்புகிறது. சிவன் கோயிலும் குருத்வாராவும் தோளோடு தோள் நிற்கின்றன. லங்கர் என்ற பொதுப் பந்திக்கான அரிசியைப் பானைகளில் போட்டு அந்த ஊற்றிலேயே இறக்கி வேகவைக்கிறார்கள். அடுப்பே தேவையில்லாத சாமி, இதுதான், இதுதான் என்று புஸ்பவதி தன் பானையையும் இறக்கினார். நிலக்சி ஊற்றங்கரையில் வந்து நின்றதும் அன்றைக்கு லங்கர் அரிசி முழுவதுமே வேகாமல் நின்றுவிட்டது. பந்தியில் நூற்றுக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சமையல் பொறுப்பாளர் பானையைக் கிளறிப் பார்த்தார், நிலக்சியைப் பார்த்தார், அவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். சோறு வேகும்வரை பந்தியில் இருந்த கூட்டம் கைதட்டிக் கீர்த்தனை பாடியது. பாலத்துக்கு அங்காலே நின்ற நிலக்சிக்கும் பாட்டுக் கேட்டது. அவளும் அர்த்தம் தெரியாமலே கைதட்டினாள். வெந்ததும், முதல் தட்டு சோற்றை அந்தப் பொறுப்பாளரே பாலம் தாண்டி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தார். படைக்கப் போன இடமெல்லாம் புஸ்பவதிக்குச் சாப்பாடுதான் கிடைத்தது. மூன்று கிலோ கூடிவிட்டது என்று இராசலிங்கம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ரோத்தாங் கணவாயைக் கடந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இறங்கியபோதுதான் அது நடந்தது. மலைமுடியில் ஒரு மடம், அடிவாரத்தில், பன்னிரண்டாயிரம் அடியிலேயே, பட்டாணிச் செடி போட்ட ஒரு கிராமம். நிலக்சி காரை விட்டு இறங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரரின் சிப்ஸ் பைகள் ஏற்கெனவே ஊதியிருந்தன. அவளுக்குப் பக்கத்தில் வந்தவர்கள் யாரும் நெஞ்சைப் பிடிக்கவில்லை. வயலில் களை பிடுங்கிய பெண்கள் அவள் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தி ஆடினார்கள், பாடினார்கள், ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. இருபத்து மூன்று வயதில் முதல் முறையாக நிலக்சி யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு கூட்டத்துக்குள் நின்றாள். “அம்மா, இஞ்சை எல்லாரும் என்னைப் போல!” என்று கத்தினாள். புஸ்பவதி பானையைக் கழுவியபடியே அழுதார், சந்தோஷத்தில்தான்.

ஆனால் மடத்து வாசலிலும் அரிசி வேகவில்லை. இனிப் போக மலையும் இல்லை. புஸ்பவதி அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். உன்னை இறக்கிவிடச் சொல்லி இனி ஆரிட்டைக் கேப்பன் என்று அவர் புலம்ப, நிலக்சி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அண்டைக்கு நீங்கள் என்ன கேட்டனீங்கள், அம்மா?”

“உன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்டனான்.”

“கேட்டது தந்திருக்குது. இன்னும் தூக்கி வைச்சிருக்குது. அதுக்கென்ன குறை? நான் நிக்கிற இடத்திலைதான் அதுவும் நிக்குது.”

புஸ்பவதி மகளை நிமிர்ந்து பார்த்தார். பானையைக் கவிழ்த்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அப்போதுதான் உதய் மடத்தின் படிகளை ஓடி ஏறி, ஓடி இறங்கி வந்து நின்றான். மூச்சு இரைக்கவில்லை. “அத்தை, எனக்கு அட்ஜஸ்ட் ஆயிடுச்சு!” அதுவரை ஆன்ட்டி என்றே கூப்பிட்டவன்.

ஓகஸ்டில் கல்யாணம். டோர்ட்மண்ட் மண்டபத்துக்கு வருகிறவர்கள் நெஞ்சு பழகுவதற்காக இரண்டு மணித்தியாலம் முன்னதாக வரவேண்டும் என்று அழைப்பிலேயே சொல்லியிருந்ததால், தமிழர் கல்யாணம் ஒன்று நேரத்துக்குத் தொடங்கிய அதிசயத்தையும் ஜேர்மனி அன்றைக்குக் கண்டது. விருந்துச் சமையல் இரண்டு தெரு தள்ளி. நாதஸ்வரக்காரர்கள் இருவர், ஒருவர் ஊதும்போது மற்றவர் கதவோரம் நின்று மூச்சு வாங்கினார். ஓட்டக் கழகத்தினர் வேட்டி கட்டிப் பந்தி பரிமாறினார்கள். உதய் மூன்று முடிச்சையும் நிதானமாகப் போட்டான், அம்மி மிதிக்கையில் நிலக்சியின் காலைப் பிடித்தான், நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். ஆள் சரியவில்லை.

அந்தக் கலகலப்பில் மணமகளின் தாயைக் காணவில்லை. அவர் மண்டபத்து முன்வாசலில் மூன்று கல் வைத்துக்கொண்டிருந்தார். நெருப்பு மூட்ட அனுமதியில்லை என்று ஓடிவந்த மண்டபப் பொறுப்பாளர், பட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தீயணைப்புச் சிலிண்டரை எடுத்துவந்து பக்கத்தில் நின்றுகொண்டார். மெல்லிய காற்றில் நெருப்பு சண்டித்தனம் பண்ணியது, பிறகு பிடித்தது. புஸ்பவதி மகளைக் கூப்பிட்டு, மாலையும் கழுத்துமாக அடுப்பருகே நிறுத்தினார். “நீ ஆரெண்டு இப்பவும் தெரியாது. பிள்ளை நிக்கிற இடந்தான் உன்ர வாசல். இறக்கிவிடு எண்டு இனிக் கேக்க மாட்டன், தூக்கினபடியே வைச்சிரு,” என்றார். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. அரிசியைப் போட்டார். இராசலிங்கம் அகப்பையால் இரண்டு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினார். மெழுகாய் நசிந்தது. வாயில் போட்டுப் பார்த்தார், பொறுப்பாளரின் கையில் ஒரு கரண்டி வைத்தார். அந்த மனிதரும் சாப்பிட்டுவிட்டு, வெந்திருக்கிறது என்று உறுதி சொன்னார். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், திறந்த பானையில், பொங்கல் வெந்திருந்தது.

உயரம் குறையவில்லை. அன்று பின்னேரம் அது உதயின் காரில் ஏறி டார்ம்ஸ்டாட்டுக்குப் புறப்பட்டது. புஸ்பவதி வீட்டுத் தெருவில் நின்று கையசைத்தார். கார் முடக்கில் திரும்பி மறைந்ததும், மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஆவதுபோல, அவருடைய காது இரண்டும் டப்பென்று திறந்தன. டிராமின் மணி, காய்கறிக் கடைக்காரர் கூவுவது, போலந்துக்காரியின் வானொலி, பக்கத்தில் இராசலிங்கம் மூக்கை உறிஞ்சுவது எல்லாம் பளிச்சென்று கேட்டன. “உங்களுக்கும் திறந்ததோ?” என்று கேட்டார். ஓம் என்று இராசலிங்கம் தலையாட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று ஊர்ச் சத்தத்தைக் கேட்டார்கள்.