பன்னிரண்டாவது மாணவர்

அப்பாவின் தாடையில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தான் மகன். விடிகாலையில் உயிர் போயிருந்தது. மூன்று நாள் தாடியோடு அவரை அனுப்பக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் டீச்சர் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் வேறு ஏதோ கேட்க வந்தவள்போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

நாட்டின் வடகோடியில், சாலை முடிகிற இடத்தில் இருக்கும் பனி ஊர். பன்னிரண்டு பேர் படித்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும் என்று மேலிடம் கறாராகச் சொல்லியிருந்தது. பிள்ளைகளோ ஒன்பதுதான். வயது வரம்பு என்று விதியில் ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தது அப்பா. நாற்பது வருஷம் பனி வாரும் வண்டி ஓட்டிய மனுஷன், இன்னும் இரண்டு பெருசுகளை இழுத்துக்கொண்டுபோய் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கு உட்காரவில்லை ஐயா, பின்னக் கணக்கில் தப்புப் பண்ணிப் பக்கத்துப் பெஞ்சு வாண்டுகளிடம் பாட்டு வாங்கினார். வாண்டுகள் அவரைப் 'பன்னெண்டு' என்றே கூப்பிட்டார்கள். இந்த வயசில் மானத்தை வாங்குகிறாரே என்று அம்மா போனில் மகனிடம் புலம்பாத வாரம் இல்லை.

இன்று பதினொரு மணிக்குத் தலை எண்ண அதிகாரி வருகிறாராம். இறப்புச் சான்றிதழை ஊர் நர்ஸ் மத்தியானத்துக்கு மேல் எழுதினால் போதும், அதுவரை அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லீவ் என்று பதிந்துகொள்ளலாம் என்றாள் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டே.

மகனுக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கூடம் இருந்தால் என்ன, போனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இரண்டு சீட் சொல்லி வைத்திருக்கிறான். அம்மாவைத் தன்னோடு நகரத்துக்குக் கூட்டிப்போய்விடுவான். இனி இந்தக் குளிரில் அவள் தனியாகக் கிடக்க வேண்டாம்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

"செத்தவருக்கு லீவ் போடாதீங்க டீச்சர். பொய் சொன்னா அவருக்குப் பிடிக்காது. நான் சேர்றேன்."

"அம்மா, இன்னிக்கா?"

"தலை எண்ணுறது இன்னிக்குத்தானேடா."

"ஞாயித்துக்கிழமை என்கூட வர்றேன்னியே..."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பள்ளிக்கூடம் மூடினா பிள்ளைங்க இருக்கிற நாலு வீடும் கிளம்பிடும். அப்புறம் நர்ஸ் எதுக்கு, பஸ் எதுக்கு? நீ என்னைப் பார்க்க எந்த ஊருக்குடா வருவே?"

அவன் கத்தியை எடுத்து, நுரை பூசிய அப்பாவின் முகத்தை நிதானமாக மழித்து முடித்தான். டீச்சர் கைப்பையிலிருந்து சேர்க்கைப் படிவத்தை எடுத்தாள். அம்மா எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டு அவனிடம் நீட்டினாள்.

சின்னப் பிள்ளைகளுக்கென்று அச்சடித்த படிவம். பெரியவர்களுக்கென்று தனியாக யாரும் அடிக்கவில்லை. கடைசியில் பாதுகாவலர் உறுதிமொழி: 'கல்வி ஆண்டு முடியும்வரை மாணவரை இவ்வூரிலிருந்து அழைத்துச் செல்ல மாட்டேன்.' அப்பாவின் படிவத்தில் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டது அம்மாதானாம். திட்டிக்கொண்டேதான் போட்டாளாம்.

இரண்டு தடவை படித்தான். அம்மா அதற்குள் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே, மாணவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த கட்டத்தில், 'மகன்' என்று எழுதினான்.