பாதி வாய் டாக்டருக்கு

ஓட்டல் வாசலில் கதவு திறந்துவிடுவது என் வேலை. அதற்குக் கை இருந்தால் போதும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். புது மேனேஜர் வந்து, பல்லும் வேண்டும் என்றான்.

"பெரியவரே, வாசலை இடிச்சுப் புதுசாக் கட்டியிருக்கோம். தரை வெள்ளை, சுவர் வெள்ளை. நடுவுல உங்க பல்லு மட்டும் துருப்பிடிச்ச கேட் மாதிரி இருக்கு. திறப்பு விழாவுக்குள்ள வெளுத்துட்டு வாங்க. இல்லேன்னா சலவை ரூமுக்குப் போயிடுங்க."

சலவை ரூம் பூமிக்கு அடியில் இருக்கிறது. சன்னல் கிடையாது. அங்கே வேலை பார்ப்பவன் மழை பெய்கிறதா என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவான். எனக்கு வாசல் வேண்டும். வருகிறவன் போகிறவன் மூஞ்சியைப் பார்த்து, இவன் திருடன், இவன் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று மனசுக்குள் தீர்ப்புச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பல் டாக்டரிடம் போனேன். வாயைப் பிளந்து பார்த்தார்.

"சொத்தை இல்ல, எல்லாம் டீக் கறைதான். இங்கேயே மருந்து பூசி, லைட் அடிச்சு, ஒரே தடவையில வெளுத்துடலாம். வீட்டுலயே ஒட்டிக்கிற பட்டைன்னு மருந்துக்கடையில ஒண்ணு விக்கிறான். ஆனா ஐயா, நாங்க பண்றதுதான் மேல்."

மேல் வரிசை இவர் பொறுப்பு என்று புரிந்தது. மிச்சத்தை நேராகவே கேட்டுவிட்டேன்.

"அப்ப கீழ்?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கீழா எதையும் நாங்க பண்றதே இல்லைங்க."

எதிரே இருந்த மருந்துக்கடையில் ஏறினேன். கடைக்காரன் ஒரு பெட்டியை எடுத்துத் தட்டிக் காட்டினான். உள்ளே வழவழவென்று பட்டைகள்.

"டாக்டர்கிட்ட போய் எதுக்குண்ணே பல்லைக் கூச வச்சுக்கிறீங்க? வீட்டுல உக்காந்து தினம் அரை மணி நேரம் ஒட்டி எடுங்க, நிதானமா வெளுக்கும். என்னைக் கேட்டா இதுதான் மேல்."

"நீயும் மேலா? கீழுக்கு ஒண்ணும் வச்சிருக்கலையா?"

"நம்ம கடையில கீழ்ங்கிற பேச்சே கிடையாதுண்ணே."

ஒரே மனைக்கு இரண்டு பேர் பத்திரம் காட்டினால் அதில் வில்லங்கம் இருக்கும். பக்கத்து மனையை எவனும் சீண்டவில்லை என்றால் அதிலும் வில்லங்கம் இருக்கும். வீட்டில் வந்து சொன்னேன். பெண்டாட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மேல்னா நல்லதுன்னு அர்த்தங்க. ரெண்டு பேரும் அவனவன் சரக்கு ஒசத்தின்னு சொல்லியிருக்கான்."

"சட்டைக் கடையில மேல்னா நல்லது. வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திருக்கிறவன்கிட்ட மேல்னா மேல்தான்."

"உங்ககிட்ட பேசுறதுக்கு நான் சுவத்துல முட்டிக்கலாம்."

மறுநாள் டாக்டரிடம் என் முடிவைச் சொன்னேன். "மேல் வரிசையில இடது பக்கம் உங்களுக்கு, வலது பக்கம் மருந்துக்கடைக்காரனுக்கு. கீழைத் தொடாதீங்க. அதுக்கு வேற ஆள் பாக்கிறேன்."

"ஐயா, சுவருக்குக்கூட யாரும் பாதி வெள்ளையடிக்க மாட்டாங்க."

"ஒருத்தனை நம்பி மொத்த வாயையும் ஒப்படைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

"அந்தப் பட்டை விக்கிறவனும் நானும் உங்களுக்கு ஒண்ணாயிட்டோமா? உக்காருங்க. யாரு ஜெயிக்கிறான்னு பாத்துடுவோம்."

ஈறுக்கு ரப்பர் மாதிரி ஒன்றைப் பூசி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாய்க்குள் வெளிச்சம் அடித்தார். வெளியே வந்ததும் இடது பக்கமாக மூச்சு விடவே பயமாக இருந்தது, அப்படிக் கூசியது.

வலது பக்கத்துக்குப் பட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டி ஒட்டிக்கொண்டேன். ஒட்டியிருக்கும்போது பேசக்கூடாது. "இந்தச் சனியனை நம்ம கல்யாணத்தன்னிக்கே வாங்கியிருக்கலாம்" என்றாள் பெண்டாட்டி. 

கீழுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. முடி வெட்டுகிறவனைக்கூடக் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு மீசை வரைக்கும்தான் அதிகாரம்" என்று சொல்லிவிட்டான்.

திறப்பு விழா அன்று மேனேஜர், "வாயைக் காட்டுங்க" என்றான். காட்டினேன். இடது மேல் பீங்கான் தட்டு. வலது மேல் பாலாடை. கீழே, இருந்தது இருந்தபடி.

"இது வாயா, பெயிண்ட் கடை அட்டையா? உங்களை யாரு இப்படித் துண்டு போட்டது?"

"ரெண்டு பேரும் மேல்தான் பண்ணுவாங்களாம். கீழுக்கு நீங்க ஒரு ஆளைச் சொல்லுங்க, போறேன்."

அவன் சலவை ரூம் பக்கம் கையை நீட்டினான். அதற்குள் முதல் கார் வந்து நின்றுவிட்டது. கதவைத் திறக்க வேறு ஆள் இல்லை. நான் நிலையோரமாகப் பக்கவாட்டில் நின்று, கீழ் உதட்டை ஏற்றிப் பிடித்துக்கொண்டு கதவை இழுத்தேன். காரிலிருந்து இறங்கி உள்ளே வந்த ஒரு அம்மா என் இடது பக்கத்தைப் பார்த்து அசந்துபோய், "என்ன பளிச்சுன்னு சிரிக்கிறார்!" என்றாள். மேனேஜரின் கை தானாக இறங்கிவிட்டது. கூட்டம் கலையும் வரை என்னையே முறைத்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் கிட்டே வந்து, "நாளைக்கும் அதே மாதிரி நில்லுங்க. திரும்பித் தொலைச்சிடாதீங்க" என்றான்.

வருகிறவனுக்கு டாக்டர் பக்கம். போகிறவனுக்கு மருந்துக்கடைப் பக்கம். பில் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு அது போதும். கீழ் வரிசையை மட்டும் மேனேஜருக்கென்று வைத்திருக்கிறேன். காலையில் அவன் உள்ளே நுழையும்போது நேராகத் திரும்பி, உதட்டை இறக்கி, முழுசாகச் சிரிக்கிறேன்.