பல்புக்குள் போன அழைப்பு

கடை திறக்கும் முன், வானம் வெளுக்கிற நேரத்தில், தையல்காரி தன் பிஸ்கட் டப்பாவின் முன் உட்காருவாள். டப்பாவுக்குள் அவளே சால்டரிங் வைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டர். பரீட்சை எழுதி உரிமமும் வாங்கியாயிற்று. புள்ளியும் கோடுமாய்ச் செய்தி அனுப்பும் மோர்ஸ் சாவியைத் தட்டினால், சோதித்துப் பார்க்க வைத்த குட்டி பல்பு கூடவே மினுங்கும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நூல்கண்டுகளும் பாதி தைத்த சட்டைகளும் மிதப்பது போலிருக்கும்.

"யாராவது இருக்கீங்களா?" என்று தட்டுவாள். பக்கத்திலிருந்த பழைய ரேடியோவில் எங்கெங்கோ இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவளைத்தான் ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஒன்பது நாளாக இதே கதை.

முதல் டிரான்ஸ்மிட்டரை அண்ணனோடு சேர்ந்து கட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக், அடுத்த தெருவில்தான் வீடு. அதை இவளைக் கேட்காமல் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு, மூன்று வருடம் ஆகிறது. பிறகு தனக்கென்று வேறொன்று கட்டிக்கொண்டான் என்று கேள்வி. வீம்பில் இருவரும் ஒரே அச்சு. அவனில்லாமலே உலகத்தோடு பேசிக் காட்டுகிறேன் என்றுதான் இந்த டப்பாவையே கட்டினாள்.

பத்தாம் நாள் மனசு விட்டுப்போயிற்று. மூடி வைக்கப் போன கை, தன்னையறியாமல் அண்ணனின் சின்ன வயதுப் பட்டப்பெயரைத் தட்டியது.

"ஆணி, இருக்கியா?"

ரேடியோவில் உடனே சத்தம். கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து விடும் அந்தக் கை! உலகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு.

"இருக்கேன். ஒம்பது நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது. கோபமும் வந்தது.

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"நீ உலகத்தக் கூப்பிட்ட. என்னையா கூப்பிட்ட?" கூடவே அடுத்ததும் வந்தது. "அடுத்த தெருவுக்கே தேஞ்சு தேஞ்சு வருது. சுவிட்ச் பல்பு பக்கம் இருக்கா பாரு, லூசு."

பார்த்தாள். இருந்தது. சோதனை முடிந்ததும் மொட்டைமாடி ஏரியல் கம்பிப் பக்கம் திருப்ப வேண்டிய சுவிட்சைத் திருப்பவே இல்லை. அனுப்பியதையெல்லாம் பல்பே தின்றிருக்கிறது. கசிந்த மிச்சம் எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு ரேடியோதான் இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். கை சுவிட்சுக்குப் போனது, பிறகு சாவிக்கே திரும்பியது.

"திருப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இல்லண்ணா. இன்னிக்கு அடுத்த தெரு வரைக்கும் போனாப் போதும்."

பல்பு மினுங்கி அணைந்தது. அவள் காத்திருந்தாள். ரேடியோவில் பதிலே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கடைக் கதவை யாரோ தட்டினார்கள். கடைசித் தட்டு கொஞ்சம் இழுத்து விழுந்தது.