கக்கத்தில் இடுக்கிய முனை

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், உடுமலைப்பேட்டையில், மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து ஒரு கல்யாண ரவிக்கைக்கு ஆரித்தையல் போட்டுக்கொண்டிருந்த புவனாவின் இடக்கால் சுண்டுவிரல் பனியில் உறைந்தது. முதலில் வெளுத்து, பிறகு மெழுகைப்போலக் கெட்டியாகி, அந்த வாரம் முடிவதற்குள் கறுத்துச் சுருங்கி, ஒரு காலைப்பொழுதில் அவள் பாயை உதறியபோது ஓசையின்றி உதிர்ந்தது. அன்றைக்குக் கொப்பரை விலை சற்றே ஏறியிருந்தது. கொப்பரைக் களம் வைத்திருந்த அவள் கணவன் திருமூர்த்தி, லாரியில் மூட்டைகளை ஏற்றி அனுப்பிய பிறகு, விரலை ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, மனைவியைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றான். அங்கே பார்த்த மருத்துவர் முன்னாளில் ராணுவத்தில் லடாக்கில் பணியாற்றியவர். ஆதலால் கண்டவுடனே இன்னதென்று தெரிந்துகொண்டார். எந்தப் பனிமலைக்குப் போயிருந்தீர்கள் என்று அவர் வினவினார். "அமராவதி டேமுக்குப் போனதுதானுங்க. அதுவும் போன ஆடிப்பெருக்குக்குங்க" என்றாள் புவனா.

அதே வாரத்தில், அவளுடைய சித்தப்பா மகன் கிருபாசங்கர் நேபாளத்துச் சிகரமொன்றின் உச்சியில் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் தந்தையின் பம்புசெட்டு நிறுவனத்துக் கொடியை வெறுங்கையால் பிடித்து நின்ற படம் நாளிதழ்களில் வெளிவந்தது. உடன் ஏறியவர்களில் இருவர் விரல்களை இழந்து ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டனர். அவனோ பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்தவனைப்போல நடந்தே இறங்கிவந்தான். அவனுக்கு உடுப்புக் கொடுத்த நிறுவனம், எல்லாம் தன் அங்கியின் மகிமையே என்று விளம்பரம் செய்தது. உறவினர்களுக்கு மட்டும் உண்மை சில நாட்களிலேயே விளங்கிவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு கிணத்துக்கடவில் கிருபாசங்கரின் திருமணம் நடைபெற்றது. அவனுக்கு உடன்பிறந்தாள் இல்லை. அந்தப் பங்காளி வீடுகளிலேயே பெண்ணாய்ப் பிறந்தவள் புவனா ஒருத்திதான். ஆகவே இணைச்சீருக்கு அவளே நின்றாள். மணமகன் ஒரு சேலையின் முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையை அவனுடைய அக்காளோ தங்கையோ கையில் பிடித்துக்கொள்வது அந்தச் சீர். அவனுக்கு வருவது தனக்கும் வரட்டும் என்று அவள் அவ்வளவு பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்வதாக அதற்குப் பொருள். சீர் முடிந்ததும் அவன் கையைத் தூக்க வேண்டும். அவள் தன் கையாலேயே சேலையை உருவிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அவரவர் உடம்பு அவரவரிடம் திரும்பிச் சேரும். ஆனால் அன்று அந்த வேளை பார்த்து, டிரோன் கேமராக்காரன் வெயில் நன்றாக இருக்கிறது என்று வாசலிலிருந்து கூப்பிட, மாப்பிள்ளை சேலையை இடுக்கியபடியே எழுந்து போய்விட்டான். சடங்குகளை நடத்திவைத்த அருமைக்காரி பூவாத்தாள், "ஏனுங், சீலைய உருவுலீங்களே!" என்று கத்தியது ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. சேலை அவனிடமிருந்து எங்கே நழுவியது என்பதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. பந்தி முடிந்தபின் யாரோ அதை மடித்துப் புவனாவின் பையில் வைத்திருந்தார்கள்.

கிருபாசங்கரைப் பற்றி உண்மையைச் சொல்வதானால், திருமணத்துக்கு முன் அவன் அப்படியொன்றும் பெரிய மலையேறி அல்லன். இமயத்தில் பயிற்சிக்குச் சென்ற முதல் முறை, கூடாரத்துக்குள் குளிரில் அழுது, பாதியில் திரும்பினான். அதைப் பம்புசெட்டுத் தொழிற்சாலையில் அனைவரும் அறிந்திருந்தார்கள். கேன்டீனில் தேநீர் ஆறிப்போனால்கூட, "சின்ன மொதலாளிகிட்டக் குடுத்துராதீங்கடா, அழுதுபோடுவாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவன் தந்தை அந்தச் சிரிப்பைக் கேட்டும் கேளாதவர்போல இருந்துவிடுவார். தந்தையின் அந்த மௌனத்திலிருந்து எவ்வளவு தொலைவு போக முடியுமோ அவ்வளவு தொலைவு போக வேண்டும் என்பதே அவனுடைய தேடலுக்கு வித்தாயிற்று. பிற்காலத்தில் கல்லூரி மேடைகளில் மனித ஆற்றலின் எல்லையைப் பற்றி அவன் மணிக்கணக்கில் பேசினான். கேன்டீன் தேநீரைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

முதல் விரல் விழுந்த பிறகு, விட்டுப்போன சீரை முடித்துவிட்டால் போதும் என்று பூவாத்தாள் வழி சொன்னாள். கிருபாசங்கர் அழைத்தவுடனே வந்தான். அக்காளின் காலைப் பார்த்துக் கண்கலங்கவும் செய்தான். முக்காலியில் அவனை உட்காரவைத்து, சேலையின் முனையைக் கக்கத்தில் கொடுத்து, மறுமுனையைப் புவனாவின் கையில் கொடுத்தார்கள். அவன் கையைத் தூக்க வேண்டியதுதான் மிச்சம். அவன் தூக்கவில்லை.

"கையத் தூக்கு, கண்ணு" என்றாள் புவனா.

"தூக்குறனுங்க அக்கா" என்றான் அவன். ஆனால் கை விலாவோடு இன்னும் இறுகிற்று.

திருமூர்த்தி, "என்னுங்க மாப்ள, கை சுளுக்கிப்போச்சுங்களா?" என்று கேலியாகக் கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. புவனா சேலையை இழுத்தாள். அவன் இரு கண்களிலும் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு இடுக்கினான்.

"அக்கா, இத விட்டுப்போட்டா நான் வெறும் மோட்டார்க் கம்பெனிக்காரர் பையனுங்க. உங்களுக்குக் காலுல ஒரு விரலுதானுங்களே போச்சு. செருப்புப் போட்டா வெளிய தெரியாதுங்களே."

இழுத்த இழுப்பில் சேலை கிழிந்தது. ஒரு சாண் அகலத் துண்டு அவன் கக்கத்திலேயே தங்கிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மும்முறை கும்பிட்டுவிட்டு, மாலை விமானத்தைப் பிடிக்கப் புறப்பட்டுப் போனான். அந்தத் துண்டை அவன் தன் பனியங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டான் என்று பிறகு தெரியவந்தது. அவள் பிடித்த பிடியும் விடுபடவில்லை. அவன் இடுக்கிய இடுக்கும் தளரவில்லை. சேலையைக் கொளுத்திவிடலாம் என்று திருமூர்த்தி சொன்னபோது, "கொளுத்துனா யாருக்குச் சுடும்னு ரோசனை பண்ணுங்க" என்று பூவாத்தாள் தடுத்துவிட்டாள்.

அதன்பின் ஏழாண்டுகள் ஒழுங்காகக் கழிந்தன. அவன் அலாஸ்காவில் ஏறியபோது புவனாவின் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின. காரகோரத்தில் அவன் பிராணவாயு உருளை இல்லாமல் ஏறிய வாரத்தில், அவள் கொப்பரைக் களத்தின் நடுவே உதடு நீலம் பாரித்து விழுந்தாள். கிரீன்லாந்துப் பனிப்பரப்பு அவளுடைய வலக்கண் பார்வையைக் கொண்டுபோயிற்று. ஊர் இதற்கெல்லாம் பழகிக்கொண்டது. செயற்கைக்கோள் வழியே அவன் நிற்குமிடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி ஒன்று கைப்பேசியில் தெரிந்தது. களத்துப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் வெந்நீர் அடுப்பை மூட்டினார்கள். புள்ளி மேலே ஏறினால் கம்பளியை எடுத்தார்கள். கூடாரம் போட்டு நின்றால் அவரவர் வேலைக்குப் போனார்கள். பேருந்து நிலையத்தருகே, சிகரம் தொட்ட மச்சானை வாழ்த்தித் திருமூர்த்தி வைத்த பதாகையின் மூலையில் புவனாவின் படமும் இருந்தது; கைகள் தெரியாதபடி அதை வெட்டியிருந்தார்கள். கிருபாசங்கரின் மனைவி கீதா தீபாவளிதோறும் பட்டுச்சேலையோடு நாத்தனாரைப் பார்க்க வந்து, "நங்கையா, உங்க புண்ணியத்துலதானுங்க அவரு முழுசா ஊடு வந்து சேர்றாரு" என்று சொல்லிக் காலில் விழுவாள். விரல் குறைந்த அந்தக் காலில் விழுந்தவளிடம், "இருக்கட்டுங்க அம்மணி" என்பதற்குமேல் புவனாவுக்குச் சொல்ல வரவில்லை. கொங்குநாட்டில் மறுத்துப் பேசுவது அவ்வளவு எளிதன்று.

ஆனாலும் அவள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காத்துவந்தாள். வலக்கை போனபின், ஓராண்டுக் காலம் பழந்துணியில் குத்திக் குத்தி, இடக்கையால் ஆரி ஊசி பிடிக்கப் பழகினாள். முதலில் கோணல் மாணலாக வந்த மயில்கள் மெல்ல மெல்லக் கழுத்து நிமிர்ந்தன. தாராபுரத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் மணப்பெண்கள் மறுபடியும் ரவிக்கை கொண்டுவந்து கொடுத்தார்கள். இடக்கை விரல்கள் ஐந்தும் முழுசாக இருந்தன. அவற்றை இரவில் நல்லெண்ணெய் தடவி, மகள் அக்ஷயாவின் பழைய காலுறைக்குள் நுழைத்துக்கொண்டு உறங்குவாள். இந்த நிலையில்தான் கிருபாசங்கர் தென்துருவத்துக்குத் தன்னந்தனியே நடந்து போகப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்தக் குளிருக்கு இடக்கை தங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புவனா பூவாத்தாளிடம் போனாள். சேலையைக் கீழே போட முடியாது, கைமாற்றலாம் என்றாள் அந்தக் கிழவி. ஆனால் வாங்கிக்கொள்கிறவள் கிருபாசங்கரின் கூட்டத்திலேயே, அதாவது குலப்பிரிவிலேயே, பிறந்த பெண்ணாக இருக்க வேண்டும். கீதா வேறு கூட்டத்துப் பெண். அக்ஷயாவும் தகப்பன் கூட்டத்தைச் சேர்ந்தவள்; அதைக் கேட்டபோது புவனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் வேறு யாருமே இல்லையே என்று அவள் எழுந்தபோது, பூவாத்தாள் வெற்றிலையை மென்றபடியே, "ஏனுங் கண்ணு, கீதா மாசமா இருக்குதுன்னு சொன்னாங்களே?" என்றாள்.

புரட்டாசியில் கீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தையைத் தொட்டிலில் இடுவது அத்தையின் உரிமை. தொட்டிலுக்குச் சேலை கொண்டுவருவதும் அவள்தான். புவனா எந்தச் சேலையைக் கொண்டுபோனாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் செய்ததற்கு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயம் ஒன்று இருந்தது: பெற்ற தகப்பன் இதைப் பார்த்தபின் எப்படிப் போவான்? போகமாட்டான். துருவம் நின்றுவிடும், குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது, தன் கைக்கும் ஒன்றும் ஆகாது. கிருபாசங்கரின் கோயம்புத்தூர் வீட்டுக் கூடத்தில் தொட்டில் கட்டி, குழந்தையைச் சேலைக்குள் கிடத்தி, முறைப்படி மும்முறை ஆட்டிவிட்டாள். அந்தக் கணமே அவள் உடம்பில் ஏழாண்டாக இருந்த நடுக்கம் நின்றது. தனக்கு வியர்ப்பதை உணர்ந்து அவள் வியந்தாள்.

கிருபாசங்கர் அருகே வந்தான். தொட்டிலின் ஓரத்தில் கிழிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை அவள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிறகு அவளை நோக்கிச் சிரித்தான்.

"அக்கா, இந்தச் சீலைங்களா?"

"ஆமாங் கண்ணு. நீ போகமாட்டீல்ல?"

அவன் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க இங்கியே கொஞ்ச நாளு இருந்து பாத்துக்கங்க" என்றான்.

கார்த்திகையில் அவன் புறப்பட்டான். குறித்த விமானத்தில், குறித்த பெட்டிகளோடு, அங்கியின் உட்புறத்தில் அந்தத் துண்டோடு புறப்பட்டான். புவனா கைப்பேசியில் புள்ளியைப் பார்த்தபடி தொட்டிலருகே அமர்ந்திருந்தாள். புள்ளி கடலைத் தாண்டிற்று. போவதுபோலப் போய்த் திரும்பிவிடுவான் என்று அப்போதும் எண்ணினாள். புள்ளி பனிக்கரையில் இறங்கி, ஒரு பகல் நின்று, தெற்கு நோக்கி நகரத் தொடங்கியது. கீதா அடுக்களையில் பாலை ஆற்றுவதும் ஊற்றுவதுமாகவே நின்றாள். கூடத்துப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் இடப்பாதம், சிறுவிரலின் நுனியிலிருந்து, மெழுகுபோல வெளுத்துக்கொண்டு வந்தது. குழந்தை அழவில்லை; உறைகிற இடத்தில் வலி இராது என்பது புவனாவுக்குத் தெரியும்.

அவள் குழந்தையை எடுத்துக் கீதாவின் மடியில் போட்டாள். தொட்டிலை அவிழ்த்தாள். சேலையின் முனையை எடுத்து, இடக்கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சற்றைக்கெல்லாம் குழந்தையின் பாதம் சிவந்தது. ரத்தம் திரும்பி ஓடுகிற வலியில் வீறிட்டு அழுதது. கீதாவும் உரக்க அழுதாள்.

துருவத்தை அடைந்த அன்று, உலகத்துச் செய்தியாளர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியில் அவனிடம் பேசினார்கள். பச்சிளங்குழந்தையை விட்டு வந்தீர்களே, பயமாக இல்லையா என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்க அக்கா எடுத்துக்குவாங்கன்னு தெரியுமுங்க" என்றான். அக்காள் தம்பி பாசத்துக்கு எடுத்துக்காட்டாக அந்த விடை பல ஏடுகளில் வெளியாயிற்று.

தை மாதத்தில் அவன் உடுமலைப்பேட்டைக்குச் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்தான். கொப்பரை விலை அப்போது மிகவும் நன்றாக இருந்தது. திருமூர்த்தி களத்தில் இரண்டாவது உலர்த்தி போட்டிருந்தான். தட்டில் பழங்களுக்கும் பட்டுக்கும் மேலே, நார்வேயில் வாங்கிய உயர்ந்த ரகக் கையுறை ஒரு ஜோடி இருந்தது. புவனா இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தி அதை வாங்கி, மடிமேல் வைத்து, தோல் எவ்வளவு மிருதுவாக இருக்கிறதென்று மணிக்கட்டால் தடவிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். களத்துப் பெண்கள் வந்து ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். ஆரிச் சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். காப்பி குடித்துவிட்டு அவன் எழுந்தபோது, புவனாவும் எழுந்து வாசல்வரை வந்தாள்.

"வடக்குத் துருவத்துக்கு எப்பப் போறே, சாமி? முன்னாடியே சொல்லிப்போடு. தண்ணி காய வைக்கோணுமில்ல."