வலது கை

கடிக்கத் தெரிந்த நாயைக் கடிக்காமல் நிற்கப் பழக்குவதுதான் பெரும்பாடு. எட்டு மாதம் அதற்காக நாயாய் உழைத்தேன். பயிற்சி மைதானத்தில் துணியால் கட்டிய மறைப்புக்குள் ஆள் அசையாமல் நின்றால், என் நாய் துரை எதிரே நின்று குரைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆள் ஓடினாலோ கையை ஓங்கினாலோ மட்டும் கடிக்கலாம். அதுவும் இடது கையில் மாட்டியிருக்கும் தடித்த உறையை.

என் வீட்டுக்காரருக்கு இது ஒரே கேலி. "குரைக்கிறதுக்குன்னு தனியா ஒரு நாய் எதுக்கு? அதான் வீட்ல நீ இருக்கியே" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

இன்று நாய்ப் பயிற்சிச் சங்கத்தில் தேர்வு. துரை ஐந்து மறைப்புகளைச் சுற்றிவிட்டு ஆறாவதில் எங்கள் பயிற்சி மாஸ்டரைக் கண்டுபிடித்தான். அவர் ஆடாமல் அசையாமல் நின்றார். இவன் கணீரென்று குரைத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நொடியே பாய்ந்து மாஸ்டரின் வலது கையைக் கவ்விவிட்டான். உறை இல்லாத கை.

"விடு" என்று கத்தியதும் விட்டான். விட்டுவிட்டு, நான் தட்டிக்கொடுப்பேன் என்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

முதலுதவி அறையில் கட்டுப் போடும்போது மாஸ்டர் கேட்டார். "எட்டு மாசமா நான் இடது கையைத்தாம்மா குடுத்திருக்கேன். இவனுக்கு வலது கையைக் காட்டினது யாரு?"

எங்கள் வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். வேலை செய்யும் கையையா நாய் வாயில் கொடுப்பார்? வலது கையில்தான் துண்டைச் சுற்றியிருப்பார். போன மாதம் இரண்டு துண்டுகள் கந்தலாயின. வாஷிங் மெஷின் கிழித்துவிட்டது என்றார். நானும் நம்பினேன், மடச்சி.

வெளியே காத்திருந்த வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். "ஏங்க, துரைக்குக் கடிக்கக் கத்துக்குடுத்தீங்களா?"

"கடிக்காத நாயான்னு கூட வேலை பார்க்கிறவங்க கிண்டல் பண்ணாங்க. மதியத்துல நீ இல்லாதப்ப, நின்னபடியே கையைக் குடுத்து, சும்மா விளையாட்டுக்குப் பழக்கினேன். இதுக்குப் போய்..."

சங்கச் செயலாளர் படிவத்தோடு வந்தார். அசையாத ஆளைக் கடித்த நாய்க்கு ஆயுசுக்கும் தடை. யாராவது தப்பாகப் பழக்கியிருந்தால் மட்டும், பழக்கியவரே எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு.

"இத்தனை பேர் முன்னாடியா? என் மானம் என்னாகிறது?" என்று என் காதைக் கடித்தார் இவர். "நாயோட குணமே அப்படின்னு எழுதிக்கட்டும். அது என்ன, படிச்சா பார்க்கப்போகுது?"

துரை இவர் எதிரில் போய் நின்று குரைத்தான். தொடவில்லை. கண் மட்டும் வலது கையிலேயே இருந்தது. இவர் சட்டென்று அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். செயலாளர் பேனாவை இவரிடம் நீட்டினார்.

காரில் ஏறியதும், "அதான் போட்டுட்டேனே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்றார்.

கையெழுத்தா பெரிது? காலைப் பயிற்சியில் துரை எத்தனை நொடி கடிக்காமல் நின்றான் என்று, தினமும் சாப்பிடும்போது நான் சொன்னது இவரிடம்தான். பத்து நொடி, பதினைந்து, இருபது. ஒருநாள் நான் சொல்ல மறந்தபோதுகூட, "இன்னைக்கு எத்தனை?" என்று இவராகவேதான் கேட்டார்.