சாமிதுரையால் உட்கார முடியாது

1

இந்தக் கதை எனக்கு பஸ் ஜன்னல் வழியாக வந்தது. 1979, தை மாதம். அரும்பாவூரில் பஸ் நின்றபோது சாலையோரக் குட்டையின் கரையில் ஒருவர் குச்சியோடு நின்றிருந்தார். தண்ணீரில் ஒரு வாத்து, அதன் பின்னால் ஒன்பது குஞ்சுகள். துணிப்பையோடு ஒரு பெண் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது. மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'செங்கதிரோன் பொன்னொளி வீச, குட்டையிலே வாத்துகள்...' (சீச்சீ. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: சாமிதுரைக்கு மூலம்.

இதுதான் சரி. "கதாநாயகனுக்கு மூலமா? எந்தப் பத்திரிகை போடும்?" என்று என் மனைவி கேட்டாள். போடாவிட்டால் போகட்டும். தினம் ஒரு வாத்து முட்டை குடித்தால் சூடு தணியும் என்று யாரோ சொல்ல, சாமிதுரையின் மனைவி அம்மாக்கண்ணு ஒரு ஜோடி வாத்து வாங்கினாள். ஒரு மாதம் குடித்தார். பிறகு பெட்டை கரைப் புதரில் ஒளித்து முட்டையிட்டு, அடை உட்கார்ந்துவிட்டது.*

"முட்டைய எடுத்தா என்னடி?"

"உசுரு வச்ச முட்டை. தொடாத."

"என் உசுரு?"

"அதுக்குத்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாங்கறேன். கேக்குறியா நீ?"

(* இருபத்தெட்டு நாள். 'வாத்தாலயாவது உக்கார முடியுதே' என்றாராம் சாமிதுரை. 'என்றாராம்' என்ன, நான் எழுதியதுதான்.)

3

இங்கே எனக்கு ஆள்மேல் சந்தேகம் வந்தது. முட்டைக்கு மல்லுக்கு நின்றவர், குஞ்சு பொரித்ததும் பருந்து விரட்ட ஏன் குச்சி எடுக்கிறார்? பாசம் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. பயம்தான். அவருடைய அண்ணன் வெள்ளைச்சாமி ஆபரேஷனுக்குப் போனவர், திரும்பவில்லை. அதனால் 'குஞ்சு நீந்தட்டும்', 'றெக்க மொளைக்கட்டும்' என்று சாமிதுரை தள்ளிப்போடுகிறார். நிற்கவும் தோது; உட்காரத்தான் முடியாதே. ஆனால் எவ்வளவு ரத்தம் போகிறது என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். வேட்டி துவைப்பவள் அவள்தான்.

4

பஸ் நின்ற அந்தக் காலைக்கு வருகிறேன்.

"நான் போனா பருந்து தூக்கிட்டுப் போயிடும். நேத்தே ரெண்டு போச்சு."

"போனாப் போவுது! ஒன்னவிட வாத்தா பெருசு?"

"அப்ப நீ நின்னு பாத்துக்க. நான் தனியாப் போறேன்."

"ஒன்னையத் தெரியாதா எனக்கு? கிருஷ்ணாபுரத்துல எறங்கி நடந்தே வந்துருவ."

அவர் வானத்தில் பருந்தைத் தேடினார். அம்மாக்கண்ணு அழுதாள்.

5

முடிவு ஒன்று: இருவரும் பஸ் ஏறினார்கள். பருந்து... (வேண்டாம்.)

முடிவு இரண்டு: ஒன்பது குஞ்சும் பிழைத்தன. மாசியில் சாமிதுரை... (எழுத மாட்டேன்.)

எழுதுகிறவன் ஒட்டாமல் நிற்க வேண்டும் என்பார்கள். நானும் இவ்வளவு நேரம் அப்படித்தான் நின்றேன். முடியவில்லை, ஐயா. பஸ்ஸைத் திரும்பக் கூப்பிட்டுக் குட்டையோரம் நிறுத்திவிட்டேன். கண்டக்டர் கத்துகிறார். இருவரையும் ஏற்றிவிட்டு நானும் கூடப் போகிறேன், அவர் நடுவில் இறங்கிவிடாமல்.

நீங்கள் சும்மாதானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? எழுந்து வாருங்கள். இந்தாருங்கள் குச்சி.

ஜன்னல் பக்கம் குனிந்து சாமிதுரை கத்துகிறார்: "ஒம்போது இருக்குங்க! வடக்கால இருந்துதான் வரும். உக்காந்துடாதீங்க!"